எங்கும் நிற்காத கப்பலில் ஏறலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி இந்த ஆண்டோடு 25 வருடம் நிறைகிறது. அதையொட்டி நான்கு இரவு கப்பல் பயணம் போகலாம் என்கிறார் என் கணவர். விசாரித்துப் பார்த்தால், அந்தக் கப்பல் எந்த ஊரிலும் நிற்காதாம்; கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பிவிடுமாம். "அதுதான் எனக்கு வேண்டும், யாரும் கூப்பிட முடியாத இடத்தில் நாலு நாள் சும்மா உட்காரணும்" என்கிறார் அவர். எனக்கோ புது ஊருக்குப் போனால் கால் வலிக்க நடந்து பார்த்தால்தான் திருப்தி. நாலு நாளும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு முட்டாதா? 74 வயது மாமியாரும் உடன் வருகிறார். மூட்டுவலி உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும். கல்லூரியில் படிக்கும் மகன், "எங்கேயும் போகாத கப்பலுக்கு எதுக்கும்மா காசு?" என்கிறான். போகலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வெள்ளிவிழா வாழ்த்துகள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் நான்கு இரவு வேண்டாம், மூன்று இரவுப் பயணமாகப் பாருங்கள். வழக்கமாகச் சுற்றுலாவுக்குக் கிளம்பும்போது எங்கே போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்ப்போம். இந்தப் பயணத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எந்தக் கப்பல், அதில் எந்த அறை, உடன் வருவது எப்படிப்பட்ட கூட்டம் என்ற மூன்றையும் அலசிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மற்ற பயணங்களில் கப்பல் சுமாராக இருந்தாலும் நடுவில் ஓர் ஊர் வந்து காப்பாற்றும். இதில் அப்படி எதுவும் வராது.

பயணிகள் கப்பல்களில் வரவேற்பு மேசையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கரையில் பயண ஆலோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கணவரைப் போன்றவர்களையும் உங்களைப் போன்றவர்களையும் ஒரே மேசைக்கு எதிரில் நிறையவே பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் நாள் கணக்கைச் சரிபார்ப்போம். நான்கு இரவு என்பது கடலில் நான்கு நாள் ஆகாது. ஏறும் நாளில் மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். மாலையில் கப்பல் கிளம்பும். கடைசி நாள் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். ஆக நான்கு இரவில் முழுசாகக் கடலில் இருப்பது மூன்று நாள்தான். மூன்று இரவு என்றால் இரண்டு நாள். முதல் முறை போகிறவருக்கு, அதுவும் தயக்கத்தோடு வருகிறவருக்கு, இரண்டு நாள் நல்ல அளவு. முதல் நாள் கப்பலில் வழி தெரியவே சரியாகிவிடும். இரண்டாம் நாள்தான் ஆற அமர அனுபவிக்க முடியும். அப்படியானால் இரண்டு இரவே போதாதா என்று கேட்பீர்கள். வார இறுதியில் கிளம்பும் இரண்டு இரவுப் பயணங்களில் நண்பர் பட்டாளங்கள் ஆட்டம் பாட்டத்துக்கென்றே ஏறுவார்கள். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, குடிப்பதற்காகவே எல்லை தாண்டிக் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பும் கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து ஓடின. 74 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு, வெள்ளிவிழாவுக்காகப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது.

இப்போது உங்கள் கணவரின் ஆசைக்கு வருகிறேன். ஊர்களில் நிற்கும் கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் அவர் ஏன் இதைக் கேட்கிறார் என்பது விளங்கும். விடிவதற்கு முன்பே கப்பல் துறைமுகத்தில் அணையும். ஆறரை மணிக்கெல்லாம் பஃபேயில் கூட்டம் நெரியும். சட்டையில் எண் ஒட்டிய ஸ்டிக்கரோடு குழு குழுவாகப் படிக்கட்டில் நிற்பார்கள். பஸ், வழிகாட்டி, வெயில், படம் எடுப்பது, மறுபடி பஸ். நான்கு மணிக்குள் திரும்பவில்லை என்றால் கப்பல் காத்திருக்காது என்ற பதைப்பு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அவர்கள் எங்கள் மேசைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்கணும்?" எங்கும் நிற்காத நாட்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் நாள் மேசைக்கு வந்தவர்கள் இரண்டாம் நாள் வருவதே குறைந்துவிடும். எழ வேண்டிய நேரம் என்று ஒன்று இல்லை, தவறவிட ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக மணி பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

சும்மா கடலைச் சுற்றி வரும் பயணம் ஒரு வகை என்றால், கடலைக் கடந்து போகும் பயணம் இன்னொரு வகை. 2004-இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2, இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெரும்பாலும் ஏழு இரவில், நடுவில் எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. விமானத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் போகக்கூடிய தூரம். ஆனாலும் அந்தப் பயணத்துக்கென்றே ஆசைப்பட்டு ஏறுகிறவர்கள் ஏராளம். மேற்கு நோக்கிப் போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அந்த நாட்களுக்கெல்லாம் 25 மணி நேரம்! அந்தக் கப்பலில் பெரிய நூலகம் உண்டு, வானத்து நட்சத்திரங்களை விளக்கும் கோளரங்கம் உண்டு, நாய்களை அழைத்துப் போக இடம்கூட உண்டு. ஊரே இல்லாத பயணத்தில் மனிதருக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்துக் கட்டிய கப்பல் அது. நீங்கள் பார்க்கும் மூன்று இரவுக் கப்பலில் இத்தனையும் இருக்காது. ஆனால் அதே கேள்வியை அந்தக் கப்பலைப் பார்த்தும் கேளுங்கள்: ஓர் ஊரும் இல்லாமல் எங்களை இரண்டு நாள் வைத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

உங்கள் மகன் கேட்டதையும் தள்ளிவிடக் கூடாது. டிக்கெட்டில் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அரங்க நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், அறையைத் துப்புரவாக வைத்திருக்கும் ஆள், அப்புறம் கடல். ஊர்களில் நிற்காததால் அந்தந்தத் துறைமுகத்துக்கான கட்டணமும் வரியும் மிச்சம். எரிபொருளும் மிச்சமாகும். கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் எஞ்சின் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி தர வேண்டும்; குறித்த நேரத்தில் எந்தத் துறைமுகத்தையும் பிடிக்க வேண்டியதில்லை என்றால் நிதானமாகவே ஓட்டலாம். டிக்கெட் விலை குறைவாகத் தெரிவதற்கு இவையும் காரணம்.

விலை குறைவதற்கு மற்றொரு காரணத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டிய 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், அந்தந்த நாட்டின் கடல் எல்லை. துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் பொதுவாகப் பூட்டியே கிடக்கும். வெளிக்கடலுக்கு வந்த பிறகுதான் திறப்பார்கள். எங்கும் நிற்காத கப்பலில் அவை ஏறக்குறைய பயணம் முழுக்கத் திறந்திருக்கும். பயணிகளுக்கும் வெளியே செலவு செய்ய இடமில்லை. ஆகவே டிக்கெட்டில் விட்டதை உள்ளே பிடித்துவிடலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. பானங்கள், சிறப்பு உணவகம், மசாஜ், புகைப்படம், வைஃபை என எல்லாமே அறைச் சாவி அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறிவிடும். கையிலிருந்து பணம் போவது கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு இவ்வளவு என்று தினசரி சர்வீஸ் சார்ஜும் பல கப்பல்களில் தானாகவே சேரும். தினமும் இரவு படுக்கப் போகுமுன் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கடைசி நாள் காலையில் மொத்தமாகப் பார்த்து அதிர்ந்து எங்கள் மேசைக்கு வருகிறவர்களின் வரிசை நீளமாக இருக்கும். அந்த நேரத்தில் எதையும் நிதானமாகச் சரிபார்க்க முடியாது.

இந்த வகைப் பயணத்தில் எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுவது கூட்டம். ஊரில் நிற்கும் நாளில் பாதிக் கப்பல் காலியாகிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு நீச்சல் குளமும் டெக்கும் தாராளம். எங்கும் நிற்காத கப்பலில் எல்லோரும் எல்லா நாளும் உள்ளேயேதான். காலை ஒன்பது மணிக்கு பஃபேயில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசை தேடி அலைகிறவர்களைப் பார்க்கலாம். குளத்தோரம் சாய்வு நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் ஒரு துண்டு, அதன்மேல் ஒரு புத்தகம், கீழே ஒரு ஜோடிச் செருப்பு. ஆள் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். லிஃப்டுக்கு நிற்பதே ஒரு வேலையாகிவிடும்.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஏழரை மணிக்குள் சிற்றுண்டியை முடித்துவிடுங்கள். அல்லது பஃபேயை விட்டுவிட்டு, பரிமாறும் உணவகத்துக்குப் போங்கள். அங்கே உட்கார வைத்துக் கொண்டுவந்து தருவார்கள், கூட்டமும் குறைவு, உங்கள் மாமியார் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதும் இல்லை. அரங்க நிகழ்ச்சி, சிறப்பு உணவகம் என முன்பதிவு செய்யக்கூடியதை எல்லாம் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மிச்சமிருப்பது இரவு பத்தரை மணிக் காட்சியாகத்தான் இருக்கும்.

அறை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம் என்பேன். ஊர் ஊராக நிற்கும் பயணத்தில் அறை வெறும் தூங்குமிடம். ஜன்னலே இல்லாத உள்ளறை எடுத்தாலும் தப்பில்லை. இந்தப் பயணத்தில் அப்படி இல்லை. பால்கனி அறை எடுங்கள். உங்கள் கணவர் கேட்கும் அமைதி அந்தப் பால்கனியில்தான் கிடைக்கும். பொது டெக்கில் கிடைக்காது. 2020 நவம்பரில், கொரோனாவால் உலகமே முடங்கிக் கிடந்தபோது, சிங்கப்பூரிலிருந்து இப்படி எங்கும் நிற்காத பயணங்களைத் தொடங்கினார்கள். பயணிகள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, பரிசோதனை செய்துதான் ஏற்றினார்கள். அப்படியும் டிசம்பரில் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று பரிசோதனையில் வரவே, கப்பல் பாதியில் திரும்பியது. எல்லோரையும் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கரையில் மறுபடி பரிசோதித்தபோது அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. அன்று பல மணி நேரம் அறையிலேயே இருந்தவர்களில், ஜன்னல் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்குக் குமட்டல் வரும் என்பதால், பால்கனி அறையிலும் இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் எவ்வளவு கீழே கிடைக்கிறதோ அவ்வளவு கீழே. முன்முனையும் பின்முனையும்தான் ஏறி இறங்கும். மேல் தளங்கள்தான் அதிகமாகச் சாயும். கூடவே, டெக் வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகளாக இருந்தால் நிம்மதி. தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தத்தில்தான் விழிப்பு வரும்; காலுக்குக் கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும்.

பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீனுக்கு இருப்பதுபோல் துடுப்புகள் இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை அவை பெருமளவு அடக்கிவிடும். முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தத் துடுப்புகள் வேலை செய்வதே கப்பல் ஓடும் வேகத்தில்தான். கப்பல் மெதுவாகப் போனால் அவற்றின் பலனும் குறையும். எங்கும் போக அவசரமில்லாத கப்பல் சில இரவுகளில் நகர்வது தெரியாமல் நகரும். அப்போது பக்கவாட்டில் வரும் அலை கொஞ்சம் தெரியும். அதை ஈடுகட்ட ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. நாளைக் காலை இந்தத் துறைமுகத்தில் நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கேப்டனுக்கு இல்லை. வானிலை மோசமாக இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அமைதியான கடல் இருக்கும் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஊர்களைப் பிடிக்க ஓடும் கப்பலுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை போடுவதால் பெரிய பலனில்லை; வயிற்றில் நிற்காது. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை ஒன்றும் இருக்கிறது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது தொல்லை தரலாம். மாமியாருக்கு அதை நீங்களாக ஒட்டிவிடாதீர்கள். தலை கிறுகிறுத்தால் அறைக்குள் போய்ப் படுக்காமல், திறந்த டெக்குக்கு வந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். உடம்பு உணரும் ஆட்டத்தைக் கண்ணும் பார்க்கும்போது குமட்டல் தணியும். புத்தகத்தையும் செல்போனையும் அந்த நேரத்தில் மூடி வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. பஸ் குலுங்குவதும் கப்பல் ஆடுவதும் ஒன்றல்ல; பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பலர் பெரிய கப்பலில் நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முன்னேற்பாட்டோடு போங்கள்.

மாமியாரைப் பொறுத்தவரை, ஊர்களில் நிற்கும் கப்பலைவிட இதுதான் அவருக்கு ஏற்றது. சில ஊர்களில் கப்பல் கரையை அணைய முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். ஆடும் படகில் கால் வைத்து ஏறுவது மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரும் சோதனை. அது இங்கே இல்லை. மற்றவர்கள் ஊர் பார்க்கப் போய்விட, தான் மட்டும் கப்பலில் தனியாக இருக்கும் வருத்தமும் அவருக்கு வராது. குளியலறை வாசலில் குறட்டுப் படி இருக்கிறதா, குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். ஆனால் லிஃப்ட் வாசலிலேயே வேண்டாம், இரவெல்லாம் பேச்சுச் சத்தம் கேட்கும். கப்பல் நடைக்கூடங்கள் நீளமானவை. வீட்டில் நடப்பதை மனதில் வைத்து, 'சக்கர நாற்காலி தேவையில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். ஏறும் நாளும் இறங்கும் நாளுமாவது அது வேண்டியிருக்கும்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்புவார்கள். சில நேரம் ராத்திரிச் சாப்பாடு முடிந்துதான் வந்து சேரும். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் உண்டு, அவசர முதலுதவிக்கு வசதியும் உண்டு. ஆனால் அது மருத்துவமனை ஆகாது. கட்டணமும் அறைக் கணக்கில்தான் ஏறும். உங்களிடம் இருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு கடலில் செல்லுமா என்று பாருங்கள். பெரும்பாலும் தனியாக டிராவல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால், கப்பலிலிருந்து கரைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்குகிறதா, அவருக்கு ஏற்கெனவே இருக்கும் ரத்த அழுத்தத்தை ஏற்கிறார்களா என்ற இரண்டையும் வரிவரியாகப் படியுங்கள். கரையை ஒட்டிச் சுற்றும் மூன்று இரவுக் கப்பல் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அவசரம் என்றால் சில மணி நேரத்தில் கரைக்குத் திரும்பலாம். அட்லாண்டிக் நடுவில் போகும் கப்பலுக்கு ஹெலிகாப்டர்கூட எட்டாத நாட்கள் உண்டு. வயதானவரோடு போகும் முதல் பயணம் கரையோரப் பயணமாக இருப்பதே நல்லது.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் தரும் நோரோவைரஸ் கப்பலில் பரவினால் வேகமாகப் பரவும். எல்லோரும் ஒரே கைப்பிடியைப் பிடிக்கிறோம், ஒரே கரண்டியைத் தொடுகிறோம். சானிடைசர் அதற்குச் சரியாகப் பலிப்பதில்லை. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஏறிய நாளே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். மாமியாருக்கு அசதியாக இருந்தாலும் அழைத்துப் போங்கள். அவசர நேரத்தில் லிஃப்ட் ஓடாது என்று அங்கே சொல்வார்கள். படியிறங்க முடியாதவரை யார், எப்படி அழைத்துச் செல்வார்கள் என்று அங்கேயே ஊழியரிடம் கேட்டு, பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

எங்கும் இறங்கப் போவதில்லையே, பாஸ்போர்ட் எதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். கப்பல் நாட்டின் கடல் எல்லையைத் தாண்டினால், திரும்பி வரும்போது குடியேற்றமும் சுங்கமும் இருக்கலாம். புயலோ, எந்திரக் கோளாறோ, யாருக்காவது உடல்நலக் குறைவோ வந்தால் அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் ஒதுங்க நேரிடலாம். நிறுவனம் வேறு அடையாள அட்டையே போதும் என்று சொன்னாலும், மூன்று பேரின் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பயணங்கள் ஒரு காலத்தில் சகஜம்; வெளிநாட்டு ஊழியர்களின் விசா விதியைக் கறாராக்கியதால் 2016-ஐ ஒட்டி அவை நின்றேபோயின. அதனால், வேறு நாட்டில் போய்வந்த உறவினர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் பயணத்துக்கான விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செல்போனைக் கப்பல் கிளம்பியதுமே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் அது கப்பலின் சொந்த சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கான ரோமிங் கட்டணம் சாதாரண வெளிநாட்டுப் பேக்கில் அடங்காது. மகனோடு பேச வேண்டும் என்றால் கப்பல் வைஃபையை ஒரு ஆளுக்கு மட்டும் வாங்குங்கள். உங்கள் கணவருக்கு அதுகூட வேண்டாம் என்று தோன்றலாம்.

இனி, மூச்சு முட்டாதா என்ற உங்கள் கேள்வி. அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். எங்கோ ஓர் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். நாள் முழுக்க மழை, விடுதியை விட்டு வெளியே போக முடியவில்லை. உங்கள் கணவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்துவிடுவார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? விடுதிக்குள்ளேயே கீழே போய், நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, எதையாவது பார்த்து, பொழுதைப் போக்கிவிடுவீர்கள் என்றால் கப்பலும் உங்களுக்கு ஒத்துவரும். வானம் எப்போது வெளிவாங்கும் என்று மணிக்கொரு தரம் வாசலுக்கு வந்து பார்ப்பீர்கள் என்றால், இந்தப் பயணத்தை உங்கள் கணவருக்கான பரிசாக நினைத்துப் போங்கள். அடுத்ததை உங்களுக்காக, ஊர் ஊராக நிற்கிற பயணமாகப் போடச் சொல்லுங்கள். இரண்டும் நியாயமானதே. ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் வாயைத் திறக்காமல் இழுபட்டுப் போவதுதான் கப்பலில் கசப்பாக முடியும். அறையும் சிறியது, கோபித்துக்கொண்டு போக இடமும் இல்லை.

நடக்கும் ஆசையைக் கப்பலிலும் தீர்த்துக்கொள்ளலாம். கப்பலை முழுசாகச் சுற்றி வரும்படி திறந்த நடைத்தளம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புதிய கப்பல்கள் பலவற்றில் அது முழுச் சுற்றாக இருப்பதில்லை. சில கப்பல்களில் அப்படி ஒரு தளமே இல்லை. குயின் மேரி 2-இல் ஒரு சுற்றே 500 மீட்டருக்கு மேல் வரும். உங்களைப் போன்றவருக்கு நீச்சல் சறுக்கைவிட அந்தத் தளம் முக்கியம். விடிந்தும் விடியாமல், மற்றவர்கள் எழுமுன் அங்கே போய் நடந்து பாருங்கள். கரையோரத்தில் பச்சை கலங்கிய நிறத்தில் இருந்த தண்ணீர், ஆழம் கூடக் கூட மை நீலமாக மாறியிருக்கும். வெப்பக் கடல் என்றால் கப்பல் கிழிக்கும் அலையிலிருந்து பறக்கும் மீன்கள் சிதறிப் பாயும். பார்வை பழக ஒரு கால் மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் கண்ணை எடுக்கத் தோன்றாது. முப்பது மீட்டர் உயரத் தளத்தில் நின்றால் தொடுவானம் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்குள் ஒரு கட்டடம், ஒரு மரம் இருக்காது. கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மதிய வெயிலில் ஒரு முறை எட்டிப் பார்த்தவர்கள்தான்.

இரவில் கப்பலின் முன்பக்கத் தளத்துக்குப் போக அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஓட்டும் அறைக்குக் கண் கூசக் கூடாது என்பதால் அந்தப் பக்கம் விளக்குகளைக் குறைத்தே வைப்பார்கள். நிலா இல்லாத இரவாக அமைந்தால் அங்கிருந்து பார்க்கும் வானம் வெளிச்சம் நிறைந்த ஊர்களில் கிடைக்காது. தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அமாவாசையை ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, மூவரும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவர் பால்கனியில் இருக்கட்டும். சமையல் செய்முறையோ நடன வகுப்போ எது நடக்கிறதோ அதற்கு நீங்கள் போங்கள். அம்மாவை இசை நிகழ்ச்சிக்கு உட்கார வைத்துவிடலாம். செல்போன் இல்லாமல் ஒருவரை ஒருவர் தேடி அலையாமல் இருக்க, எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று காலையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் பேசும்போது பால்கனி அறை எண், அது நடுக்கப்பலில் இருக்கிறதா, சுற்றி வரும் நடைத்தளம் உண்டா, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, வானிலையால் பயணம் சுருங்கினால் பணம் திரும்ப வருமா, மாமியாருக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கர நாற்காலி ஏற்பாடு உறுதியா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் விடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.